மோட்டாரை மாற்றாதீர்கள், எடையைக் கீழே இறக்குங்கள்

வணக்கம். உள்ளே தொங்கும் எடையை, அதாவது ஊசலை, மோட்டார் முன்னே தூக்குவதால் உருளும் உங்கள் 60 செ.மீ. விட்டமுள்ள ரோபோ பந்து வீட்டுத் தரையில் நன்றாக ஓடுகிறது, திருவையாற்று ஆற்று மணலில் உள்ளே ஊசல் மட்டும் சுற்றுகிறது, ஓடு அசையவில்லை என்கிறீர்கள். பெரிய மோட்டார் வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள்.

ஊசல் கிடைமட்டமாக உயரும்போதுதான் உந்துதல் உச்சம். மணல் அதற்கு மேல் கேட்டால் எந்த மோட்டாரும் ஊசலைத்தான் சுற்றும். ஊசல் எடையை மொத்த எடையாலும், பந்தின் மையத்திலிருந்து அது தொங்கும் தூரத்தைப் பந்தின் ஆரத்தாலும் வகுத்து, இரண்டையும் பெருக்குங்கள். நீங்கள் சொன்ன 10 கிலோவில் 5 கிலோ, 15 செ.மீ. என்றால் 0.25. இது ஏறக்கூடிய சரிவின் சைன் மதிப்பு, அதாவது சுமார் 14 டிகிரி சரிவுதான் ஏறும். ஓட்டை மெலிதாக்கி, பாட்டரியை 21 செ.மீ. வரை இறக்கி, ஊசலை 6 கிலோ ஆக்கினால் 0.42, ஏறக்குறைய 25 டிகிரி. அடி கனத்த தஞ்சாவூர் பொம்மையின் சங்கதிதான் இது.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத் திருவிழாவில் இப்படிப் பந்துகள் உருளும் வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வற்றிய ஏரியின் கெட்டித் தரை, மேலே மாவு போலத் தூசி. நம் மணலில் பந்து புதையும். ஈரம் காயாத ஓரமாக ஓட்டுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் நெருங்கினால் நிறம் மாற வேண்டும் என்றீர்களே, ஒலியலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் ஒலி ஓட்டுக்குள்ளேயே எதிரொலிக்கும். ரேடார் மாட்யூல் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் பந்தின் சொந்த அசைவையே ஆள் என்று நம்பிவிடும். நின்று பார்த்துவிட்டு உருளும்படி புரோகிராம் எழுதுங்கள். கூச்சப்படுவது போலத் தெரியும், அதுவும் அழகுதான். ரிமோட்டில் ஒரு நிறுத்தும் பட்டன் கட்டாயம்.

மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். மணல் சோதனையை அதற்குள் முடித்துவிடுங்கள்.