லேப்டாப்பில் யூனிட் டெஸ்டுகளை ப்ரொஃபைல் செய்தால் (எங்கே நேரம் போகிறது என்று அளந்தால்) 'அக்வயர்' என்று காத்திருக்கும் நேரம் மட்டுமே தெரிகிறது, மெதுவான இடம் தெரியவில்லை. ஏன்?

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க்) வேலை பார்க்கிறேன். போன ஜூனில் எனக்கும் இதே தலைவலி.

முதலில் நேரமே ஒத்துவரவில்லை. அதே கோடு, அதே டெஸ்ட். காலையில் 2 நிமிடம், மத்தியானம் மூன்றரை. கரண்ட் போனால் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் வைஃபையையும்தான் தாங்கும். லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சார்ஜர் மாட்டாமல் எடுத்த அளவை நான் இப்போது கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்து பைத்தானின் ப்ரொஃபைலரான சி-ப்ரொஃபைல் போட்டு, டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டை ஓட்டினேன். உங்களுக்கு வந்த மாதிரியே, பட்டியலின் தலையில் லாக்குக்காகக் காத்திருக்கும் 'அக்வயர்'. டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து எல்லாமே நின்றுபோவது) என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால், பைடெஸ்ட் கான்ஃபிக் ஃபைலில் டெஸ்டுகளைப் பல பிராசஸில் ஒரே நேரத்தில் ஓட்டும் எக்ஸ்டிஸ்டுக்கு 4 வொர்க்கர் என்று நானே எப்போதோ எழுதி மறந்த ஒரு வரி. டெஸ்டுகள் தனித்தனி பிராசஸில் ஓடுகின்றன. ப்ரொஃபைலர் உட்கார்ந்திருப்பதோ வேலையைப் பங்குபோட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய் பிராசஸில். எங்கள் ஊரில் பெங்களூரா மாங்காய் சீசனில் கூழ் ஆலை வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம், உள்ளே எந்த மெஷின் திணறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு லாரி வந்துச்சு, ஒரு லாரி போச்சு" என்பார். அவர் மேல் தப்பில்லை.

வொர்க்கரைப் பூஜ்யமாக்கினேன். கூடவே, டெஸ்டுகள் எந்த வரிகளைத் தொட்டன என்று பார்க்கும் கவரேஜையும் நிறுத்தினேன். ஓடும் ஒவ்வொரு வரியையும் அது குறித்துக்கொண்டே வருவதால் நேரக் கணக்கு கெட்டுவிடும். பிறகு பைடெஸ்டின் ட்யூரேஷன்ஸ் ஆப்ஷனில் மெதுவான 20-ஐக் கேட்டேன். இருபதிலும் 'செட்டப்' (டெஸ்டுக்கு முந்தைய தயாரிப்பு) என்றே வந்தது, 'கால்' (டெஸ்டே ஓடும் நேரம்) என்று ஒன்றுகூட இல்லை. டெஸ்ட் சில மில்லிசெகண்டில் முடிகிறது. அதற்கு முன்னால் இரண்டு யூசரை உருவாக்க அரை செகண்ட். யூசரை உருவாக்கும்போது அவருடைய பாஸ்வேர்டையும் ஹேஷ் செய்ய (திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி உருமாற்ற) வேண்டும்; ஜாங்கோ 4.2-இல் ஒரு பாஸ்வேர்டுக்கு 6,00,000 சுற்று. திருடனுக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக வைத்தது. டெஸ்ட் டேட்டாபேஸில் எந்தத் திருடன் வரப்போகிறான்?

டெஸ்ட் செட்டிங்ஸில் மட்டும், வேகமான ஆனால் பாதுகாப்பு குறைந்த எம்டி5 ஹேஷரை வைத்தேன். ஜாங்கோ ஆவணமே சொல்லும் வழிதான். நிஜ யூசர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்ஷன் செட்டிங்ஸில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். இப்போது வொர்க்கரே இல்லாமல் ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் ஓடி முடிகிறது.

உங்கள் பட்டியலிலும் 'அக்வயர்' இருப்பதால், முதலில் அந்தக் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாருங்கள்.