மாவுச்சத்தைக் குறைப்பவர்களுக்கு நம் கடற்கரை மீன்: கேள்வி பதில்

மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்கள் உள்ளூர் மீனை எப்படித் தேர்ந்தெடுப்பது, மசாலா தடவி எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தூத்துக்குடியில் உணவியல் ஆலோசகராக இருக்கும் அனுபவத்தைக் கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் உணவுப் பட்டியலில் வாரம் மூன்று நாள் சால்மன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சாளை சாப்பிட்டால் போதாதா?

தாராளமாகப் போதும். சால்மனை நாடுவது ஒமேகா 3 கொழுப்புக்காகத்தான். அது சாளையிலும் அயிலையிலும் நிறைவாகவே இருக்கிறது. நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கிறது, மாவுச்சத்தோ இல்லை என்றே சொல்லலாம். குளிர்நாட்டுக் கடலில் வளர்ந்து உறைநிலையில் பல நாள் பயணம் செய்து வரும் மீனைவிட, விடியற்காலையில் நாட்டுப்படகு கரைசேர்ந்ததும் கூடையில் இறங்கும் சாளை எந்த வகையிலும் குறைந்ததன்று. சென்னைப் பக்கம் சாளையை மத்தி என்றும் அயிலையைக் காணாங்கத்தை என்றும் கேட்டால் கிடைக்கும். கொழுப்பு ஏறிய பருவத்துச் சாளையைச் சூடான கல்லில் இட்டுப் பாருங்கள்: நாம் ஊற்றிய எண்ணெய் போதாதென்று அது தன் பங்குக்கும் எண்ணெய் விடும்.

கேள்வி: தடைக்காலத்தில் உள்ளூர் மீனுக்கு எங்கே போவது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்குத்தான் தடை. நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். வரத்து குறைவதால் விலை ஏறும், அவ்வளவே. விரால், கெண்டை போன்ற நன்னீர் மீன்களும் கைகொடுக்கும். கருவாட்டிலும் மாவுச்சத்து இல்லை; ஆனால் அதில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.

கேள்வி: ஐயா, அயிலைத் துண்டுகளில் மசாலாவும் எலுமிச்சைச் சாறும் தடவி இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் பொரித்தபோது உதிர்ந்துபோனது. நீண்ட நேரம் ஊறினால் சுவை கூடும் என்பார்களே?

இறைச்சிக்கு அது ஓரளவு பொருந்தும், மீனுக்குப் பொருந்தாது. மீனின் தசைநார்கள் குட்டையானவை, அவற்றைப் பிணைக்கும் சவ்வும் மெல்லியது. புளிப்பு படப்பட, அடுப்பில் வைப்பதற்கு முன்பே புரதம் இறுகி, கண்ணாடி போலிருந்த சதை வெளுத்து, பிறகு சுண்ணாம்பு போல உதிரத் தொடங்குகிறது. மசாலாவும் மேற்பரப்பைத் தாண்டி அதிக ஆழம் இறங்குவதில்லை. உள்ளே சேர்வது பெரும்பாலும் உப்பு மட்டுமே. அதனால்தான் முழு மீனின் இருபுறமும் முள் தொடும்வரை கீறல் போடுகிறோம்.

நான் செய்யும் முறை இது. சுத்தம் செய்த அரை கிலோ அயிலைக்கு எட்டுச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் அரைத்து, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூளைக் கலந்துகொள்ளுங்கள். மீனில் முதலில் உப்பும் மஞ்சளும் தடவிப் பத்து நிமிடம் வைத்தால் நீர் கசிந்து தட்டில் தேங்கும். அந்த நீரை வடித்து, மீனைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே மசாலாவைக் கீறல்களுக்குள் அழுத்தித் தடவ வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த ஒற்றி எடுக்கும் வேலையைத்தான்; ஈரம் இருந்தால் எந்த மசாலாவும் ஒட்டாது. எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் சேர்த்து, அயிலை என்றால் அரை மணி நேரமும் சாளை என்றால் கால் மணி நேரமும் ஊறவிட்டால் போதும். இரவே தடவி வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், புளிப்பை மட்டும் காலைக்கு ஒதுக்கிவையுங்கள். கல்லில் போட்ட பின் ஓரம் காய்ந்து தானாக விடும்வரை திருப்பாதீர்கள்.

கேள்வி: சோள மாவு இல்லாமல் மசாலா ஒட்டுமா?

மேலே சொன்னபடி ஈரத்தை எடுத்தால் ஒட்டும். ஒரு மேசைக்கரண்டி சோள மாவில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று கரண்டி சேர்த்தால் ஏறத்தாழ அரை கப் சோற்றை மீன்மேல் பூசியது போலாகும். மிருதுவான மீனாக இருந்தால் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு போதும்.

கேள்வி: அயிலை சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு அரித்தது. போன வாரம் அதே மீன் ஒன்றும் செய்யவில்லை. இது ஒவ்வாமையா?

மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். எனினும் நீங்கள் சொல்வது ஹிஸ்டமின் நச்சு போலத் தோன்றுகிறது. அயிலை, சாளை, சூரை ஆகியவற்றை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்குகின்றன. உருவான பின் அது கொதியிலும் அழியாது, மஞ்சளாலும் எலுமிச்சையாலும் நீங்காது. மசாலா தடவுவது கெட்ட மீனைத் திருத்தும் வழியன்று என்பதை அழுத்திச் சொல்கிறேன். செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஐஸோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊறும் நேரத்திலும் 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறேன். நாளை முதல் சோற்றை நிறுத்தலாமா?

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் அபாயமும் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவையும் கேட்டறிய வேண்டும். யூரிக் அமிலம் உள்ளவர்களுக்குச் சாளையும் நெத்திலியும் ஏற்றவை அல்ல.

கேள்வி: நாங்கள் குமரி மாவட்டம். மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும்தான் எங்கள் ஊர்ச் சாப்பாடு. உள்ளூர் உணவு நல்லது என்றால் மரச்சீனியை ஏன் விலக்க வேண்டும்?

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளூரில் விளைவதனாலேயே ஒன்றில் மாவுச்சத்து குறைந்துவிடாது: நூறு கிராம் கிழங்கில் ஏறத்தாழ 38 கிராம் இருக்கிறது. குழம்பை விடவேண்டியதில்லை; புளிக்கரைசலைக் குறைத்து, தேங்காயை அரைத்துவிட்டு, முருங்கைக்கீரைத் துவரனோடு சாப்பிடுங்கள். கிழங்கை விட மனமில்லை என்றால், இரண்டு துண்டுக்கு மேல் தட்டில் வைக்காதீர்கள். மீனை மட்டும் வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.