சைக்கிள் கேள்வி-பதில்: பழைய ரயில் தடத்தில் முப்பது பேர்

கே: எங்கள் வசிப்போர் குழுவில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் முதல் அறுபதைத் தாண்டியவர்கள் வரை முப்பது பேர் சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையான ரயில் காரிடாரில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறோம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஒரே மூச்சில் போகலாமா? (வாசகி, சுவா சூ காங்)

வேண்டாம். முழுத் தடமும் 24 கிலோமீட்டர். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றமே தெரியாது. புதியவர்கள் ஏமாறுவதும் அதில்தான். இறக்கம் இருந்தால் மிதிக்காமல் உருளலாம், இருக்கையைவிட்டு எழுந்து உடம்பை நெளிக்கலாம். சமதளத்தில் அந்த ஓய்வு கிடைக்காது. ஒரு மணி நேரத்தில் உட்காரும் இடம் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் மிதியில் எழுந்து நின்று ஓட்டச் சொல்லுங்கள்.

முதல் பயணத்துக்கு ஹில்வியூ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தின் பக்கமுள்ள ‘ரயில் மால்’ கடை வரிசையில் தொடங்கி, தெற்கே புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம் வழியாகப் புவன விஸ்தா பக்கம் வரை போதும். முழுத் தடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. நிழல், கழிப்பறை, அருகே எம்ஆர்டி மூன்றும் கிடைக்கும். முடியாதவர் பாதியில் கழன்றுகொள்ள வசதி இருப்பதுதான் கலப்புக் குழுவுக்கு முக்கியம். காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தடத்தின் மேலேயே கடைகளை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு இரும்புப் பாலங்களிலும் படம் எடுப்பவர்கள் கூட்டம் இருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள்.

கே: முப்பது பேரும் சேர்ந்தே போகலாமா? சாலையில் சட்டம் என்ன சொல்கிறது? (அதே வாசகி)

சாலையில் 2022 ஜனவரி 1 முதல் வரம்பு இருக்கிறது. ஒற்றை வரிசை என்றால் ஒரு குழுவில் 5 பேர், இருவர் இருவராக என்றால் 10 பேர். இருவர் இருவராகப் போவதற்கு அந்தத் திசையில் குறைந்தது இரண்டு லேன்கள் உள்ள சாலையாக இருக்க வேண்டும். குழுவுக்கும் குழுவுக்கும் இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி, அதாவது சுமார் 30 மீட்டர் விடச் சொல்கிறார்கள். தலைக்கவசம் சாலையில் கட்டாயம். ரயில் காரிடாரில் சட்டம் கேட்காவிட்டாலும், பிள்ளைகளைப் போடாமல் கூட்டிப் போகாதீர்கள்.

ரயில் காரிடாரில் நடப்பவர்கள், நாய் கூட்டி வருபவர்கள், ஓடுபவர்கள் எல்லாரும் அதே குறுகிய அகலத்துக்குள்தான். முப்பது பேர் ஒரே வரிசையில் வந்தால் நடப்பவருக்கு அது முடியாத ரயில்! ஆறு ஆறு பேராக ஐந்து அணி, ஐந்து நிமிட இடைவெளி. ஒவ்வோர் அணிக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக்கூடாது. பம்ப்பும் பஞ்சர் சாமானும் அவரிடம். மெதுவாக ஓட்டுகிறவரை முன்னாலிருப்பவருக்கு அடுத்த இடத்தில் வையுங்கள், வேகம் தானாகச் சரியாகும். மணிக்கு 12 கிலோமீட்டர் தாராளம்.

குழுப் பயணத்தில் பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர். தன் முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்திருப்பார். முன்னவர் ஒரு குழிக்காகக் கொஞ்சம் விலகுவார், சக்கரங்கள் உரசும். முன்னவருக்கு ஒன்றும் ஆகாது. பின்னவருக்கு ஹேண்டில் திரும்பிவிடும். ஆகவே இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி, நேர் பின்னால் அல்லது முழுக்க விலகி. நிற்கும்போது தடத்தைவிட்டுப் புல்லில் இறங்கி நில்லுங்கள்.

கே: என் ரோட் பைக்கில் 25 மி.மீ. டயர், 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று. போன வாரம் இரண்டு முறை பஞ்சர். தடம் மோசமா, டயர் மோசமா? (வாசகர், ஈசூன்)

இரண்டுமில்லை, காற்றும் அகலமும் அந்தத் தரைக்குப் பொருந்தவில்லை. மேல்தளம் பல இடங்களில் நுண்ணிய சரளை, சில இடங்களில் புல், மழைக்குப் பின் சேறு. 100 பிஎஸ்ஐயில் டயர் கல்லை அணைத்துக்கொள்ளாமல் துள்ளும், பின்சக்கரம் வழுக்கும். 32 மி.மீ.க்கு மேல் போடுங்கள், ஃபிரேமில் இடமிருந்தால். 70 கிலோ எடையுள்ளவருக்கு 35 மி.மீ. டயரில் 50 முதல் 55 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம், மவுண்டன் பைக்கின் 2 அங்குல டயரில் 30 முதல் 35. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

கழற்றிய டியூபைப் பாருங்கள். பாம்பு கடித்ததுபோல் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை என்றால், காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதி ரிம்மில் (சக்கர வளையத்தில்) நசுங்கியது. ஒற்றை ஓட்டை, அதுவும் வெளிப்புறத்தில் என்றால் முள்ளோ கம்பியோ. இதில்தான் இரண்டாவது பஞ்சர் ஒளிந்திருக்கும். பழைய கம்பி டயரிலேயே குத்தி நிற்கும், புது டியூபையும் குத்தும். டியூபை மாற்றுமுன் ஒரு துணியை டயரின் உள்ளே சுற்றி இழுங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே இருக்கிறது. விரலால் தடவாதீர்கள். உட்புறம், ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக் முனையை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது.

கே: மழையில் ஓட்டிய பிறகு செயின் கரகரக்கிறது. வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் போடலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

தலைக்கு வையுங்கள். சமையல் எண்ணெய்கள் பெரும்பாலும் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த மண்தான் செயினை அரம்போல் அராவுகிறது. முதலில் உலர்ந்த துணியால் செயினைப் பிடித்து, மிதியைப் பின்னோக்கிச் சுற்றித் துடையுங்கள். சைக்கிள் செயின் எண்ணெய் கணுவுக்கு ஒரு சொட்டு, உட்புறமாக. பத்து நிமிடம் விட்டு, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள்; எண்ணெய் வேலை செய்வது கணுவுக்கு உள்ளேதான். அவசரத்துக்குத் தையல் இயந்திர எண்ணெய் போடலாம், சீக்கிரம் வற்றிவிடும்.

சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால், அதன் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள். சரளைத் துணுக்கு பதிந்திருந்தால் ஊசியால் கெல்லி எடுங்கள். விட்டுவைத்தால் ரிம்மில் கோடு விழும். கழுவும்போது தண்ணீரைச் சக்கர நடுவிலுள்ள ஹப்பில் வேகமாகப் பீய்ச்சாதீர்கள், கிரீஸ் போய்விடும்.

கே: தண்டவாளம் இன்னும் இருக்கிறதா? தமிழர்களுக்கும் இந்தப் பாதைக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, குவீன்ஸ்டவுன்)

பெரும்பகுதியைப் பெயர்த்தாகிவிட்டது. புக்கிட் தீமா நிலையம், இரும்புப் பாலங்கள் போன்ற சில இடங்களில் காணலாம். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான். 1932இல் திறந்த புக்கிட் தீமா நிலையம், புதுப்பித்து 2022 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. தொடர்பு உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது: காமன்வெல்த் டிரைவ் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரம் மலாயா ரயில்வேத் தொழிலாளர்கள் வைத்து வழிபட்ட சிறு கோயிலிலிருந்து வளர்ந்தது.

கே: மடக்கு சைக்கிளை எம்ஆர்டியில் கொண்டுபோகலாமா? குரங்குத் தொல்லை உண்டா? (வாசகர், பொங்கோல்)

மடக்கிய நிலையில் 120 x 70 x 40 செ.மீ.க்குள் இருந்தால் எந்நேரமும் ஏற்றலாம். நிலையத்துக்குள் நுழையுமுன்பே மடக்கிவிடுங்கள். சேற்றையும் துடைத்துவிட்டு ஏறுங்கள், பக்கத்தில் நிற்பவர் வேலைக்குப் போகிற சட்டையில் இருப்பார்.

குரங்குகள் உண்டு. அவற்றுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. ஹேண்டிலில் பை தொங்கவிடாதீர்கள், வடையைப் பைக்குள் பூட்டி முதுகில் மாட்டுங்கள். உணவு கொடுத்தால் அபராதம்.