பையன் சொல்லாமல் விட்ட பாதிக் கதை

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. பெங்களூரில் ஐ.டி. வேலை, நல்ல சம்பளம். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில், "வேலையை விட்டுவிட்டு வீடியோ கேம் கம்பெனியில் சேரப் போகிறேன், சம்பளம் பாதிதான்" என்கிறான். கேட்டால், ஜப்பானில் மியாசாகி என்று ஒருவர் இதே வயதில் இதையேதான் செய்தாராம். யார் சார் அந்த மனிதர்? அவரை நம்பி என் பிள்ளை கிணற்றில் குதிக்கலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பையன் புளுகவில்லை, சகோதரி. ஹிடெடாகா மியாசாகி நிஜமான ஆள்தான். (கார்ட்டூன் படம் எடுக்கும் மியாசாகி வேறு.) ஷிசுவோகாவில் வசதியில்லாத வீட்டில் பிறந்தவர். புத்தகம் வாங்கக் காசு கிடையாது. நூலகத்திலிருந்து எடுத்துவரும் கதைகளில் புரியாத இடங்களை, படத்தைப் பார்த்துத் தானே கற்பனையில் இட்டு நிரப்பிக்கொள்வாராம். கெய்யோ பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படித்துவிட்டு ஆரக்கிள் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குப் போனார். போனதற்கு ஒரு காரணம் தங்கையின் கல்லூரிக் கட்டணம். இதை உங்கள் பையன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

அங்கே இருக்கும்போதுதான் 'ஈக்கோ' என்ற கேமை ஆடிப் பார்த்தார். கொம்பு முளைத்த ஒரு பையன், ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோட்டையை விட்டுத் தப்பிக்கிற கதை. அதோடு ஆரக்கிள் கசந்துவிட்டது. ஆனால் 29 வயதில், அனுபவமே இல்லாத ஆளை யார் எடுப்பார்கள்? கடைசியில் ஃபிரம்சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது. 1986-ல் அலுவலக மென்பொருள் செய்ய ஆரம்பித்து, பிறகு கேமுக்கு மாறிய டோக்கியோ கம்பெனி. அவர் சேர்ந்தது 2004-ல். சம்பளம் நன்றாகவே அடி வாங்கியது.

இதுவரைக்கும்தான் பையன்கள் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருவது. சேர்ந்ததும் கனவு கேமைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடவில்லை. 'ஆர்மர்ட் கோர்' என்று இயந்திர மனிதர்கள் சண்டை போடும் தொடர் ஒன்று, ஏற்கெனவே பல பாகங்கள் வந்தது. அதன் இன்னொரு பாகத்தில் பிளானர் வேலை. இன்னொருவர் போட்ட கோலத்துக்குப் புள்ளி வைக்கிற வேலைதான். அதை ஒழுங்காகச் செய்த பிறகே டைரக்டர் நாற்காலி வந்தது. அதுவும் அதே தொடரில்.

அப்போது கம்பெனிக்குள் வேறொரு கேம் திக்குத் தெரியாமல் கிடந்தது. யாருக்கும் நம்பிக்கை இல்லை. மியாசாகி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படியும் தேறாது என்று கைகழுவியாகிவிட்டது, இஷ்டத்துக்கு மாற்றலாம், தோற்றாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை என்பது அவர் கணக்கு. அதுதான் 2009 பிப்ரவரியில் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்'. ஜப்பானில் அதை வெளியிட்ட சோனியின் பெரிய அதிகாரி ஷூஹெய் யோஷிதாவே வெளியீட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்து, ஆரம்ப இடத்தையே தாண்ட முடியாமல், மோசம் என்று வைத்துவிட்டார். அமெரிக்காவில் சோனி அதை வெளியிடவில்லை. அட்லஸ் என்ற வேறு கம்பெனிதான் வெளியிட்டது. வாய்வழியாகப் பரவியே அது பிழைத்தது.

அப்படி என்ன கஷ்டம் என்று அக்கா பையனிடம் கேட்டேன். மாமா, நீங்களே ஆடுங்க என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டான். மியாசாகியின் 'எல்டன் ரிங்'. பச்சைப் புல்வெளி, தங்கக் கவசத்தோடு குதிரையில் ஒருத்தன். கிட்டே போனேன், ஒரே போடு. சேர்த்து வைத்ததெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கிறது. திரும்பிப் போய் எடுக்க வேண்டும். எடுப்பதற்குள் இன்னொரு தரம் செத்தால் அதுவும் போச்சு. ஆறாவது தடவைதான் அவன் சொன்னான், "அவனை இப்பவே அடிக்கணும்னு இல்ல மாமா, சுத்திப் போயிட்டு அப்புறமா வரலாம்." முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இந்த கேம்களில் முகம் தெரியாத யாரோ நிழல் மாதிரி வந்து உதவுவார்கள், சண்டை முடிந்ததும் மறைந்துவிடுவார்கள். ஒரு வார்த்தை பேச முடியாது. மியாசாகிக்கு இந்த யோசனை வந்தது பனி கொட்டிய ஒரு மலைச் சாலையில். கார்கள் ஏற முடியாமல் வழுக்கி நிற்க, பின்னால் இருந்த கார் முன்னால் இருந்ததை முட்டித் தள்ளி ஏற்றிவிட, அப்படியே வரிசையாக ஏறியிருக்கிறார்கள். மியாசாகியின் காரும் ஏறிவிட்டது. நிறுத்தி நன்றி சொன்னால் மறுபடி மாட்டிக்கொள்ளும். சரி என்று போய்விட்டார். வரிசையில் கடைசியாக நின்றவர் என்ன ஆனார் என்ற யோசனை மட்டும் வீடு வரை கூடவே வந்ததாம்.

மிச்சம் உங்கள் பையனுக்கே மனப்பாடமாக இருக்கும். 2011-ல் 'டார்க் சோல்ஸ்', 2014-ல் அதே கம்பெனிக்குத் தலைவர், 2022-ல் 'எல்டன் ரிங்'. ஒரு வருடத்துக்குள் 2 கோடி பிரதிகள் விற்றது.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். மியாசாகியைப் பற்றி அவனோடு வாதாட வேண்டாம். முதல் நாள் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறான் என்று கேளுங்கள். யாரோ எடுக்கும் கேமின் நாலாம் பாகத்துக்கு இரண்டு வருடம் முகம் சுளிக்காமல் உழைப்பானா? "நான் சொந்தமா ஒரு ஐடியா வெச்சிருக்கேன்மா" என்று ஆரம்பித்தால் கொஞ்சம் பயப்படுங்கள். அந்த வேலையைப் பற்றி விவரமாகப் பேசினால் விட்டுவிடலாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா கூடாது. கடன், இ.எம்.ஐ. இருந்தால் பாதிச் சம்பளத்தில் எப்படிக் கட்டுவான் என்று எழுதிக் காட்டட்டும். பெண் வீட்டாரிடம் புதுச் சம்பளத்தையே சொல்லுங்கள். பழையதைச் சொல்லிவிட்டுப் பிறகு விழிக்க வேண்டாம்.

அப்புறம், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் குதிரைக்காரனிடம் எத்தனை தடவை சாகிறான் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். பத்தைத் தாண்டினால் ஒரு காபி போட்டுக் கொடுங்கள்.