ஜப்பான் கிராமங்களில் அன்றாட வாழ்க்கை, தோட்டம், கோயில் எல்லாம் எப்படி இருக்கும்?

நான் இருப்பது வகயாமா மாகாணத்தில், தனாபே நகரை ஒட்டிய மலையடிவாரத்தில். ஜப்பான் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பதால் என் பக்கத்து ஊர்களை வைத்தே சொல்கிறேன்.

இங்கே வருஷத்தை நடத்துவது உமே என்ற ஜப்பானியப் பிளம் வகை மரம். பிப்ரவரியில் சரிவெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். ஜூனில் மரத்தடியில் வலை விரித்துவிடுவார்கள். பழுத்துத் தானாக விழும் காய்களைப் பொறுக்கி, உப்பில் ஊறவைத்து, கோடை வெயிலில் காயவைத்தால் உமேபோஷி. நம் ஊர் எலுமிச்சை ஊறுகாய் மாதிரி அத்தனை புளிப்பு, அத்தனை உப்பு. தோப்புக்கு மேலே, மலையுச்சியை ஒட்டி, கரி சுடுவதற்கான ஓக் காட்டை விட்டுவைத்திருக்கிறார்கள். அது மண் சரியாமல் பிடித்துக்கொள்கிறது, தண்ணீரைத் தேக்குகிறது. பிப்ரவரிக் குளிரில் உமே பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் நாட்டுத் தேனீக்களுக்கும் அதுதான் வீடு. 2015-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக முக்கியத்துவம் உள்ள வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

படங்களில் வரும் பாறையும் பாசியும் குளமும் உள்ள தோட்டம் சாதாரண வீடுகளில் அரிது. முன்பக்கம் கவனமாக வெட்டிவிட்ட ஒரு பைன் மரம் இருக்கும், பின்பக்கம் முள்ளங்கி, கத்திரி, வெள்ளரி, வெங்காயத்தாள். மிஞ்சினால் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும், இல்லையென்றால் சாலையோரத்து ஆளில்லாக் கடைக்கு. அங்கே 100 யென் நாணயத்தை டப்பாவில் போட்டுவிட்டு ஒரு பையை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கோயில். ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷின்டோவின் ஊர்க் கோயில்களைச் சொல்கிறேன். பலவற்றில் பூசாரி தங்கியிருப்பதில்லை. ஒரே பூசாரி பல கோயில்களைப் பார்த்துக்கொள்வார், திருவிழாவுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் ஊராரின் கையில். முறைவைத்துப் பெருக்குகிறார்கள், கோடையில் விடியற்காலையிலேயே புல்வெட்டும் இயந்திரத்தோடு கூடுகிறார்கள், வருஷக் கடைசியில் புது வைக்கோலில் கயிறு திரித்துக் கட்டுகிறார்கள். திருவிழாவில் மேலிருந்து அரிசிக் கொழுக்கட்டைகளை வீசுவார்கள், பாட்டிகள்தான் முன்வரிசையில் நின்று பிடிப்பார்கள். "எனக்கு மதம் எதுவும் இல்லை" என்று சொல்பவரும் புல்வெட்டும் நாளில் தவறாமல் வந்து நிற்பார். இந்த ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோயிலைச் சுற்றிய காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1906-ல் அரசாங்கம் சிறு கோயில்களைப் பெரியவற்றோடு இணைக்கச் சொன்னது. பல்லாயிரம் கோயில்கள் மறைந்தன. அவற்றின் பெருமரங்களை வெட்டி விற்றார்கள். மீயே மாகாணத்துக்கும் வகயாமாவுக்கும்தான் அடி அதிகம். எதிர்த்து நின்றவர் தனாபேயில் வாழ்ந்த மினகதா குமகுசு, பூஞ்சை போலத் தோன்றும் சிற்றுயிர்களான சளிப்பூஞ்சைகளை ஆராய்ந்தவர். காடு போனால் பறவை போகும், பூச்சி பெருகும், ஊற்று வற்றும், ஊர் கூடுவதற்கு இடமே இருக்காது என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1910-ல் அதிகாரிகள் இருந்த கூட்டத்துக்குள் புகுந்து கலாட்டா செய்து சிறைக்கும் போனார். தனாபே விரிகுடாவின் காஷிமா தீவுக் காடு அவர் முயற்சியால் பிழைத்தது. 1929-ல் பேரரசர் ஹிரோஹிதோ அங்கே வந்தபோது, குமகுசு தன் சளிப்பூஞ்சை மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டிகளில் வைத்துக் கொடுத்தார்.

அன்று அரசாணையால் வந்த ஆபத்து இன்று ஆளில்லாமையால் வருகிறது. இளைஞர்கள் ஒசாகாவுக்குப் போய்விட, எழுபது வயதைத் தாண்டியவர்கள் புல் வெட்டுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. வெளியிலிருந்து குடிவந்தவர்களையும், என்னைப் போன்ற வெளிநாட்டவர்களையும் அந்த முறையில் சேர்த்துக்கொள்ளும் ஊர்கள் தாக்குப்பிடிக்கும் என்று நம்புகிறேன்.

நேரில் பார்க்க வருவதென்றால் உமே பூக்கும் பிப்ரவரியில் வாருங்கள். கீ-தனாபே ரயில் நிலையத்திலிருந்து குமனோ யாத்திரைப் பாதைக்குப் பேருந்து உண்டு. அந்தப் பாதையில் ட்சுகிசகுரா என்ற சிறு கோயிலில், குமகுசு போராடிக் காப்பாற்றிய ஜப்பானிய சிடார் (cedar) மரங்கள் இன்றும் நிற்கின்றன. கிளைகள் எல்லாம் தெற்கு நோக்கியே நீண்டிருக்கும். கொஞ்சம் படியேற வேண்டும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.