வெயிலில் துப்பாக்கி சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவியும் வியர்வையும் படியாமல் இருக்க என்ன செய்வது?

ஆவி படிவது வேறு, வியர்வை வழிவது வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முகத்தை ஒட்டியிருக்கும் கண்ணாடிக்குள் ஈரக்காற்று தேங்கும். லென்ஸ் குளிர்ந்திருந்தால் ஆவி படியும். ஏசி காரிலிருந்து எடுத்ததும் மாட்டினால் நிச்சயம் படியும், 10 நிமிடம் முன்பே நிழலில் வெளியே வைத்துவிடுங்கள். மூக்குத் தாங்கியைச் சரிசெய்து லென்ஸை 2 மில்லிமீட்டர் முன்னே தள்ளினாலே உள்ளே காற்று ஓடும். அதிகம் தள்ளினால் தெறிக்கும் சூடான தோட்டா உறை இடைவெளியில் விழுந்துவிடும்.

பூச்சில்லாத லென்ஸில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் தடவி, அலசாமல், மைக்ரோஃபைபர் துணியால் தெளிவாகும்வரை துடையுங்கள். மிஞ்சும் மெல்லிய படலத்தில் நீர் துளியாகத் திரளாது, பரவிவிடும். வியர்வை பட்டால் இது கரையும், மறுபடி தடவவேண்டும். ஆவி எதிர்ப்புப் பூச்சு ஏற்கெனவே இருந்தால் தண்ணீரில் அலசி ஒற்றி எடுத்தால் போதும், தேய்த்தால் பூச்சு போய்விடும். அம்மோனியா, அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

வியர்வைக்கு நெற்றிப்பட்டைதான் சரி. புருவத்துக்குச் சற்று மேலே கட்டி, நனைந்ததும் மாற்றுங்கள். நெற்றியில் சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசினால் அதுவும் வழிந்து லென்ஸில் எண்ணெயாகப் படியும், கண்ணும் எரியும்.

பார்வை மங்கினால் சுடும் வரிசையில் நின்றபடி கண்ணாடியைக் கழற்றக்கூடாது. துப்பாக்கியைக் காலிசெய்து வைத்துவிட்டு, பின்னால் விலகி வந்து துடையுங்கள்.