எம்.எல்.ஏ அலுவலகத்தில் எதைக் கேட்கலாம்? கடலூர்க்காரர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்

வருவாய்த் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தேன், பெரும்பாலும் கடலூர் மாவட்டத்தில்தான். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பகுதி சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, கட்சியும் கிடையாது. தாலுகா ஆபீஸில் மனு வாங்கிய கையாலேயே இப்போது மனு எழுதுவதால், எது நகரும், எது அலமாரியில் தூங்கும் என்று ஓரளவு தெரியும். எம்.எல்.ஏ அலுவலகம், அவர் நடத்தும் முகாம்கள், தொகுதி நிதி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு இல்லத்தரசி: அக்கா, எங்க தெரு சாக்கடை ஒரு வருஷமா அடைச்சுக் கிடக்கு. எம்.எல்.ஏ கிட்ட மூணு தடவை மனு கொடுத்தாச்சு. ஒண்ணும் நடக்கல.

மூன்று மனுவும் தப்பான வாசலுக்குப் போயிருக்கிறது, தங்கச்சி. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர் எல்லாம் மாநகராட்சி வேலை. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது, 45 வார்டு. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனு, மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு கொடுங்கள். ஆணையர் அலுவலகத்தில் கொடுப்பதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அந்த முத்திரை போட்ட நகலோடு எம்.எல்.ஏ அலுவலகத்துக்கு வாருங்கள். ‘இந்தத் தேதியில் கொடுத்தார்கள், இன்னும் நடவடிக்கை இல்லை’ என்று எழுதி அனுப்பும்போதுதான் எம்.எல்.ஏ கடிதத்துக்கு வலு. வெறும் கையோடு வந்தால் அவர் மறுபடி அதே ஆணையருக்குத்தான் அனுப்புவார்.

குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒருவர்: எங்க அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் ரெண்டு தடவை தள்ளுபடி ஆச்சு. எம்.எல்.ஏ லெட்டர் வாங்கினா கிடைச்சிடுமா?

இந்தக் கேள்வி வாரம் பத்து பேராவது கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்.எல்.ஏ கடிதம் என்பது பரிந்துரை. அவர் கையெழுத்தால் ஆணை பிறக்காது. முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆணை போடுகிறவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். நீங்கள் இ-சேவை மையத்தில் பதிந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக அவர் மேசைக்குப் போகும். வழியில் எந்த இடத்தில், என்ன காரணம் எழுதித் தள்ளினார்கள் என்பதுதான் முக்கியம். அதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாவது தடவை போட்டாலும் அதே காரணத்துக்காகத் தள்ளுபடி ஆகும்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஆதார் அட்டையை அவிழ்த்து எடுத்து மேசையில் வைத்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. பார்த்தால் எழுபதைத் தாண்டியவர். ஆதாரில் வயது 58. ஆதார் எடுத்த அன்று யாரோ உத்தேசமாக ஒரு பிறந்த வருஷத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அதுவே பதிவாகிவிட்டது. பென்ஷனுக்கு 60 முடிந்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர் அங்கேயே நிறுத்திவிடும். இதற்குப் போய் எம்.எல்.ஏ கடிதம் வாங்கி என்ன பயன்? ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தப் பிறப்புச் சான்றோ, பள்ளி மதிப்பெண் சான்றோ மாதிரி ஆவணம் வேண்டும். ஒரே ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே அவசரப்பட்டு எதையாவது கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பாட்டிக்கு அவர்கள் படித்த ஆரம்பப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேட ஆள் அனுப்பியிருக்கிறோம்.

வயது சரியாக இருந்தும் தள்ளுபடி என்றால், ‘ஆதரவு இருக்கிறது’ என்று எழுதியிருக்கலாம். மகன் பெயர் அதே ரேஷன் கார்டில் இருந்தால் இப்படி ஆகும். அம்மா உண்மையில் தனியாக வாழ்கிறார்கள் என்றால் அதை விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ-விடம் அக்கம்பக்கத்தாரை வைத்துச் சொல்லுங்கள். மேல்விசாரணை கேட்டு மனு கொடுங்கள். அந்த மனுவோடு எம்.எல்.ஏ கடிதம் சேர்ந்தால் கோப்பு விசாரணைக்கு மறுபடி வரும். அது செய்யும் உதவி அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய உதவி. 2023-லிருந்து தொகை மாதம் 1,200 ரூபாய் ஆனது. தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு அது மருந்துச் செலவு. எனவே விட்டுவிடாதீர்கள்.

பண்ருட்டி அருகே ஒரு கிராமத்திலிருந்து இளைஞர் குழு: எம்.எல்.ஏ நிதியில எங்க ஊருக்கு என்ன கேட்கலாம்? கோயில் மண்டபம் கட்டித் தருவாங்களா?

கோயில், மசூதி, தேவாலயம் எதற்கும் அந்த நிதியில் இடமில்லை. தனியார் நிலத்திலும் கட்ட முடியாது. தனி ஒருவருக்கு உதவித்தொகையாகவும் கொடுக்க முடியாது.

தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தொகுதி என்றால் சராசரியாக இரண்டு லட்சம் வாக்காளர்களுக்கு மேல். அதிலும் ஒரு பகுதியை அரசு குறிப்பிடும் வகைப் பணிகளுக்கே செலவழிக்க வேண்டும். மிச்சத்துக்குத்தான் எல்லா ஊரும் போட்டி. பள்ளி வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், அங்கன்வாடி, நிழற்குடை, மேல்நிலைத் தொட்டி, உயர்கோபுர விளக்கு, சிமென்ட் ரோடு என்று பலரும் பயன்படுத்தும் சொத்தாகக் கேளுங்கள்.

பலருக்கும் ஒன்று தெரிவதில்லை. அந்தப் பணம் எம்.எல்.ஏ கைக்கு வருவதே இல்லை. அவர் இன்ன வேலை என்று பரிந்துரைப்பார். பொறியாளர் வந்து மதிப்பீடு போடுவார். கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார். டெண்டர் விட்டு ஒன்றியமோ நகராட்சியோ வேலையைச் செய்யும். இதில் அதிகம் சிக்குவது நிலம். ‘இடம் இருக்கு மேடம்’ என்பார்கள். போய்ப் பார்த்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு, அல்லது யாரோ வாய்வார்த்தையாகக் கொடுத்த பட்டா இடம். அனுமதி அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் குழுவுக்கு என் யோசனை: முதலில் வி.ஏ.ஓ-விடம் புல எண்ணை (சர்வே நம்பர்) கேட்டு அது எந்த வகை நிலம் என்று பாருங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. தீர்மான நகல், புல எண், அந்த இடத்தின் இரண்டு போட்டோ ஆகிய மூன்றோடும் போனால் நீங்கள் மற்ற ஊர்களை விட ஒரு படி முன்னால் நிற்பீர்கள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புது வேலை எதுவும் எடுக்க முடியாது, அலுவலகத்தையே பூட்டிவிடுவார்கள். அதனால் கடைசி வருஷத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

செம்மண்டலம், கல்லூரி மாணவர்: எங்க குடும்பம் இந்த எம்.எல்.ஏ-வுக்கு ஓட்டுப் போடல. அவர் ஆபீஸுக்குப் போறது சரியா?

தாராளமாகப் போங்கள் தம்பி. ஜெயித்த அன்றிலிருந்து அவர் தொகுதி முழுவதற்கும் உறுப்பினர். நான் மனு எழுதும்போது யாரிடமும் கட்சி கேட்டதில்லை, யாராவது கேட்டால் நீங்களும் சொல்ல வேண்டாம். எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் வேலை நடக்காது என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். 2022-ல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்ற திட்டத்துக்காக, 234 எம்.எல்.ஏ-க்களிடமும் தொகுதியில் நெடுநாளாகத் தீராத 10 கோரிக்கைகளைக் கேட்டு வாங்கினார்கள். அதில் கட்சி பார்க்கவில்லை.

புதுப்பாளையத்தில் வாடகைக்கு இருப்பவர்: ஆதார்ல அட்ரஸ் மாத்தணும். வீட்டுக்காரர் அக்ரிமென்ட் தர மாட்டேங்கறார்.

இதற்கு எம்.எல்.ஏ கையெழுத்து நேரடியாகவே உதவும். ஆதார் ஆணையம் வெளியிட்ட சான்றுப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் போட்டோவை ஒட்டி, எம்.எல்.ஏ அல்லது கவுன்சிலர் கையெழுத்து, முத்திரை வாங்கினால் முகவரிச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள். தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். லெட்டர் பேடில் எழுதி வாங்காதீர்கள், அந்தப் படிவம்தான் வேண்டும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) ஒரு அப்பா: என் பையனுக்கு கம்பெனி வேலைக்கு எம்.எல்.ஏ சிபாரிசு வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் 50 ஆயிரம் கேக்கறார்.

அண்ணா, கொடுக்காதீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். என் சொந்தத்திலேயே ஒரு பையன் இப்படி ஏமாந்தான். இடைத்தரகர் கொடுத்த கடிதத்தில் முத்திரையே போலி. நகையை வைத்துக் கொடுத்த பணம், திரும்பவே இல்லை. உண்மையான சிபாரிசுக் கடிதமாகவே இருந்தாலும் சிப்காட்டில் எந்தக் கம்பெனியும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிறது, சட்டமன்ற உறுப்பினர்களும் முன்னின்று ஏற்பாடு செய்கிறார்கள். எல்லாமே இலவசம். பையனை அங்கே அனுப்புங்கள், நான்கைந்து பயோடேட்டா நகலோடு. பணம் கேட்டவர் மேல் போலீஸில் புகார் கொடுங்கள்.

புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையிலிருந்து ஒருவர்: எனக்கு கடலூர் பத்து நிமிஷம்தான். அங்கே எம்.எல்.ஏ முகாம்ல மனு கொடுக்கலாமா?

கண் பரிசோதனை, ரத்ததான முகாம் என்றால் யாரும் எல்லை பார்க்க மாட்டார்கள், வாருங்கள். ஆனால் உங்கள் ரேஷன் கார்டு, பென்ஷன், சான்றிதழ் எல்லாம் புதுச்சேரி அரசு. பாகூர் தாலுகா அலுவலகமும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ-வும்தான் வழி. அங்கே முதியோர் பென்ஷனை மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை பார்க்கிறது, இங்கே போல வருவாய்த் துறை இல்லை. புதுச்சேரியில் தொகுதிகள் சின்னவை. சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதி. எம்.எல்.ஏ-வை நேரில் பார்ப்பது உங்களுக்கு எங்களை விடச் சுலபம்.

உச்சிமேட்டிலிருந்து ஒருவர்: 2024 டிசம்பர் வெள்ளத்துல பத்திரம், சான்றிதழ் எல்லாம் நனைஞ்சு போச்சு. கரையைப் பலப்படுத்தவும் யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல.

அந்த இரவை மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை உங்கள் பக்கமெல்லாம் வீட்டுக்குள் வந்தது. பிறகு எங்கள் மேசைக்கு வந்த காகிதங்களைத் தொடவே பயமாக இருந்தது. ஒருவர் கிரயப் பத்திரத்தைத் துணிக்கயிற்றில் க்ளிப் போட்டுக் காயவைத்து, அப்படியே பாயில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால் சேற்று மணம்.

பட்டா நகலை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், பத்திர எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்று போட்டுக் கண்டுபிடிக்கலாம். மதிப்பெண் சான்றுக்குப் படித்த பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாகப் போங்கள். எம்.எல்.ஏ அலுவலகத்தில் இ-சேவை மையம் இருந்தால் வருமானம், சாதிச் சான்று மாதிரியானவற்றை அங்கேயே பதியலாம், கட்டணம் 60 ரூபாய்.

கரை விஷயம் வேறு. அது தொகுதி நிதிக்குள் அடங்காத வேலை, நீர்வளத் துறை செய்ய வேண்டும். இங்கே எம்.எல்.ஏ-வின் உண்மையான பலம் அலுவலகத்தில் இல்லை, சட்டமன்றத்தில் இருக்கிறது. அவர் அவையில் கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அது அவைக்குறிப்பில் ஏறும். ஊர் மக்கள் கையெழுத்தோடு ‘இந்த இடத்தில், இத்தனை மீட்டர் கரை உடைந்தது’ என்று எழுதிக் கொடுத்து, இதைக் கேள்வியாக எழுப்புங்கள் என்றே கேளுங்கள்.

இன்னொரு வழியைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. அது சட்டமன்ற மனுக்கள் குழு. மாவட்டத்துக்கு வரும் முன்பு அறிவிப்பு கொடுப்பார்கள். நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினை, ஒரு மனுவில் ஒரே பொருள், ஒரே துறை, ஐந்து நகல். பட்டா, பென்ஷன், வேலை, வங்கிக் கடன், கோர்ட்டில் இருக்கும் விஷயம் எதையும் அதில் எழுதக் கூடாது, எடுக்க மாட்டார்கள். கரை உடைப்பு அந்தக் குழுவுக்கு ஏற்ற விஷயம்.

சிதம்பரத்திலிருந்து ஒருவர்: முகாம்ல மனு கொடுத்தேன். ரசீதும் தொலைஞ்சு போச்சு. இப்ப என்ன செய்ய?

‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமை 2025 ஜூலை 15 அன்று உங்கள் ஊரில்தான் தொடங்கினார்கள், 45 நாளில் தீர்வு என்ற உறுதியோடு. அந்த முகாம் என்றாலும் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டம் என்றாலும் மனுவுக்கு ஒரு எண் விழும். கொடுத்த போன் நம்பருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-க்குக் கூப்பிட்டு போன் நம்பரைச் சொல்லுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘இந்தத் தேதியில் கொடுத்த என் மனு மீது என்ன நடவடிக்கை’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இனிமேல் ரசீது வாங்கின கையோடு செல்லில் ஒரு போட்டோ.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெண்: எங்க மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆபீஸ்னா பயம். கூட்டிட்டு வரலாமா?

கூட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், இதற்கு முன் கொடுத்த மனு ஏதாவது இருந்தால் அதுவும். காலை 10 மணிக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு.